ரெண்டாவது பொந்து

மாப்ளைக்கு மாமன் எழுதிக்கறதுங்க.

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கறதுதான் மொறை. ஆனா நீங்க நலமில்லைங்கறது எனக்கு நல்லாத் தெரியுமுங்க. ரயிலேத்திவிட புனே ஸ்டேஷனுக்கு வந்தப்ப உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு, தலைல துண்டு போடாத கொறைதான். பாப்பா டாட்டா காட்டுச்சு, அம்மிணி கண்ணைத் தொடச்சுக்கிட்டுது, நீங்க மட்டும் சட்டைப்பையை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டே நின்னீங்க. உள்ளாற அந்த மெமரி கார்டு இருந்துச்சு. இந்தக் கவர் மேல ஒட்டியிருக்கற தபால்தலை அளவுதான் இருக்கும், நாலு நாள் உல்லாசத்தை முழுங்கிப்போட்டு ஏப்பம்கூட விடாம உக்காந்திருந்துச்சு.

போன்லயே பேசியிருக்கலாமுங்க. ஆனா உங்க போன் எப்பவும் ஸ்பீக்கர்லயே கெடக்கும், பக்கத்துல அம்மிணி இருக்கும். கடைசில ஒரு சங்கதி வெச்சிருக்கறேன், அது ஸ்பீக்கர்ல கேக்கற சங்கதி இல்லீங்க. அதுக்குத்தான் காயிதம். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பீராதீங்க. வயசானவன் பேச்சை வரிசையாக் கேக்கோணும்.

உங்களைக் கொறை சொல்ல இதை எழுதலீங்க. அங்க இருந்தப்ப மூணு வேளையும் சோறு போட்டீங்க, அதனால வாயைத் தொறக்கலை. இப்ப ஊருக்கு வந்தாச்சு, சொந்தச் சோறு.

கல்யாணப் பத்திரிகைல உங்க பேருக்குக் கீழ ‘டிசாஸ்டர் ரெக்கவரி லீட், ஹிஞ்சவடி, புனே’ன்னு போட்டிருந்தோமுங்களே, ஞாபகம் இருக்குதா? ஊர்ல பாதிப்பேரு, வெள்ளம் வந்தாப் படகுல போயி ஆளுகளை இழுத்துப் போடற வேலைன்னு நெனச்சுக்கிட்டாங்க. “மாப்ளை நீச்சல்ல கெட்டிக்காரராட்ட இருக்குது”ன்னு ஒருத்தர் மொய் எழுதற எடத்துலயே கேட்டாரு. நான்தான் வெளக்கஞ் சொன்னேன். அதில்லீங்க, அமெரிக்கால ஒரு பேங்குக்குக் கணக்கு வழக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது, அந்தக் கட்டடமே தீப்புடிச்சாலும் மறுநாள் பேங்கு தொறக்கறாப்ல வேற வேற ஊர்ல நகல் வெச்சுக் காபந்து பண்றவரு என்ற மாப்ளைன்னு. சொல்லும்போதே எனக்கு மாரு ஒரு சாண் விரிஞ்சுது. போன பங்குனில நம்ம மாரியம்மன் நோம்பிக்கு வர முடியலை, சர்வர் விழுந்துருச்சுன்னு நீங்க போன் பண்ணுனப்ப, “ஐயோ, அடி பலமுங்களா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?”ன்னு உங்க அத்தை பதறிப்போயிட்டா. அப்பேர்ப்பட்ட வேலை பாக்கறவரு. அமெரிக்காக்காரன் பணத்துக்கு மூணு ஊர்ல நகல், பெத்த புள்ளையோட படத்துக்கு ஒத்தைச் சில்லு.

சரி, போனது என்னென்னன்னு கணக்குப் பாப்போம். புரட்டாசில நாலு நாள். ‘வாய்’னு ஒரு ஊரு, பேருதான் வாய், ஊரு சத்தமே இல்லாம கிருஷ்ணா ஆத்தோரம் படுத்திருக்குது. அங்க வயிறு பெருத்த புள்ளையாருக்கு முன்னால அம்மிணியும் பாப்பாவும் நின்ன படம். பஞ்ச்கனில அந்த மொட்டைப் பாறை மேட்டுல பாப்பா குதிரை ஏறுன படம். மகாபலேஷ்வர்ல ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் தின்ன படம். பழத்தைக் காணோமேன்னு நான் கேட்டதுக்கு, இது பழத்துக்குக் காலமில்லை, மார்கழிப் பக்கம் வரோணும்னாங்க. காலமில்லாத பழத்துக்கு ஐஸ்கிரீம் மட்டும் எப்படி வருதுன்னு நான் கேக்கலை, மொகத்தாட்சண்யம். அப்புறம் பிரதாப்கட் கோட்டை. எல்லாத்துக்கும் மேல சாத்தாராவுக்கு மேக்கால அந்தக் காஸ் பீடபூமி.

அதைச் சொல்லியே ஆகோணுமுங்க. நம்மூர்ல அந்த மாதிரிச் செம்பாறைல வேலிக்காத்தான் மொளைக்கவே ரோசனை பண்ணும். அங்க நாலு வெரக்கடை மண்ணு, மழை ஓயற சமயம் ஒரு சில வாரந்தான், கண்ணு போற தூரம் பூவு. எண்ணூத்தம்பதுக்கு மேல செடி வகை இருக்குதாமா. மேற்குத் தொடர்ச்சி மலையை 2012ல உலகப் பாரம்பரியச் சொத்துப் பட்டியல்ல சேத்தப்ப இந்த மேட்டையும் சேத்தாங்கன்னு காவக்காரரு சொன்னாரு. ரோசாக் கலர்ல கெடந்ததைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அது காசித்தும்பைச் சாதி. ஊதாக் கலர்ல குன்றிமணியாட்டம் ஒண்ணு, அதுக்கு மராத்தில ‘சீதையோட கண்ணீரு’ன்னு அர்த்தம் வர்றாப்ல ஒரு பேரு. பேரைக் கேட்டு உங்க அத்தை உச்சுக் கொட்டுனா. அந்தம்மா கண்ணீரு ஈர மண்ணுக்குள்ள சின்னச் சின்னப் பை வெச்சிக்கிட்டுத் தண்ணில இருக்கற பூச்சியப் புடிச்சுத் திங்குதுன்னு காவக்காரரு சொன்னதுக்கப்புறம் உச்சு நின்னு போச்சு. நீங்க அந்நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? குப்புறப் படுத்துக்கிட்டு ஒத்தைக் கண்ணை மூடி அந்தக் கண்ணீரைப் படம் புடிச்சிட்டிருந்தீங்க. காவக்காரரு விசில் அடிக்கறாரு, உங்களுக்குக் காது கேக்கலை. பாம்பு கீம்பு தீண்டிப்போடுச்சோன்னு ரெண்டு பேரு ஓடி வந்தாங்க.

அந்தப் படமும் போச்சு.

இப்ப விசாரணைக்கு வர்றேன். உங்க கேமரால கார்டு போடற கதவைத் தொறந்து பாப்பா ஒருநா என்கிட்டக் காட்டுச்சு. “அப்பிச்சி, இங்க பாருங்க, ரெண்டு ஓட்டை”ன்னுச்சு. மேல ஒரு பொந்து, கீழ ஒரு பொந்து. கேமராவைப் பண்ணுன மகராசன் எதுக்கு ரெண்டு வெச்சான்? எடுக்கற படம் ரெண்டுலயும் ஒரே நேரத்துல விழுகறாப்ல வெக்கலாமாமா. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும். கல்யாணத்துக்குப் படம் புடிக்கறவங்க அப்படித்தான் வெப்பாங்களாமா. கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது பாருங்க. உங்க ரெண்டாவது பொந்துல என்னங்க இருந்துச்சு? காத்து. ஒண்ணரை லச்சம் குடுத்துக் கேமரா வாங்கி, அதுல ஒரு பொந்தைக் காத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க.

அந்த ஒத்தைக் கார்டும் சும்மா திடுதிப்புன்னு சாகலீங்க. ரெண்டு நாள் முன்னாலயே சொல்லிட்டுத்தான் செத்துது. பஞ்ச்கனில ‘கார்டு எர்ரர்’னு எழுத்து வந்துச்சு. நீங்க அதைப் புடுங்கி, ஊதாங்கொழல் ஊதறாப்ல உப்புன்னு ஊதி, சட்டைல தொடச்சு மறுபடி சொருகுனீங்க. மாடு ஒருக்கா முட்டிப் பாத்துச்சுன்னா அடுத்தவாட்டி எட்ட நிக்கோணும். நீங்க அது மூஞ்சில ஊதிட்டு மறுபடி முன்னால போயி நின்னீங்க. மகாபலேஷ்வர் கடைவீதில புதுக் கார்டு கெடைக்காமலா போயிருக்கும்? ராத்திரி ரூம்ல லேப்டாப் சும்மாதானே கெடந்துச்சு? அன்னன்னிக்கு எடுத்ததை அதுல எறக்கிப் போட அரை மணி நேரமாகுமா? கிரிக்கெட்டுப் பாத்தீங்க. நானுந்தான் பாத்தேன், அதனால இதை இத்தோட உட்டர்றேன்.

பிரதாப்கட்ல நடந்தது என்ற கண்ணால பாத்ததுங்க. பேட்டரி தீர்ற சமயம், மூலைல செவப்பு விளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. அது கார்டுல எழுதிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதன்னு சொல்ற விளக்காமா. நீங்க அந்நேரம் பாத்துக் கதவைத் தொறந்து கார்டைப் புடுங்குனீங்க. பால் கறந்துட்டிருக்கும்போது கன்னுக்குட்டியை அவுத்து வுட்டாப்ல. மாடு ஒதைச்சா மாட்டு மேல கோவிச்சு என்ன பண்ண?

வூட்டுக்கு வந்து லேப்டாப்ல சொருகுனா, ‘இந்தக் கார்டை ஃபார்மேட் பண்ணட்டுமா?’ன்னு அது கேக்குது. தூக்கக் கலக்கத்துல நீங்க ‘சரி’ன்னுட்டீங்க. சரி, அதோட நிறுத்தியிருக்கலாம். கார்டு வேலை செய்யுதான்னு பாக்கறேன்னு கேமரால போட்டு, ஹால்ல இருக்கற செவுத்தை இருவது படம் எடுத்தீங்க. செவுத்துல என்னங்க இருக்குது, சுண்ணாம்பு. அந்த இருவது சுண்ணாம்பும் எத்தனை பூவைத் தின்னுச்சோ, அது சீதையம்மாளுக்கே வெளிச்சம்.

இப்படிப் பேசறதால எனக்கு எதுவும் தொலைஞ்சதில்லைன்னு நெனைக்காதீங்க. அம்மிணிக்குக் காதுகுத்து வெச்சப்ப காங்கேயத்துல இருந்து கேமராக்காரரு ஒருத்தரு வந்தாரு. நாள் பூரா பளிச் பளிச்சுன்னு அடிச்சாரு. மாமன் மடியில வெச்சுக் குத்தறது, புள்ளை வீல்னு கத்தறது, பந்தி, பாக்கு வெத்தலை, எல்லாத்தையும் நின்னு நின்னு புடிச்சாரு. நாலு நாள் கழிச்சு வந்து தலையைச் சொறிஞ்சாரு. ரோல் பல்லுல மாட்டவே இல்லையாமா. பொத்தானை அமுக்குறாரு, பளிச்சுங்குது, உள்ளாற ஃபிலிம் நகரவே இல்லை. முப்பத்தாறு படத்துக்கும் வெளிச்சம்தான் மிச்சம். அந்தக் காலத்து மெமரி கார்டு செத்த விதம் அது.

கல்யாணப் படமும் அப்படித்தான். எனக்கும் உங்க அத்தைக்கும் சேந்தாப்ல ஒரே படம், ஸ்டுடியோவுல நாக்காலி போட்டு எடுத்தது. ஆசாரச் செவுத்துல மாட்டியிருந்தோம். மழைக் காலத்துல செவுரு ஓதமாகி, செல்லு ஏறி, ஒருநா எறக்கிப் பாத்தா என்ற வேட்டி மட்டும் இருக்குது, நான் இல்லை. ஸ்டுடியோவுல நெகட்டிவ் கேக்கலாம்னு போனா அங்க செருப்புக் கடை. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அன்னைக்கு எடுத்ததுல ஒரு பிரதியைச் சின்னப் பங்காளி வூட்டுக்குக் குடுத்திருந்தோம். அவிய வூட்டு ஆசாரத்துல இன்னிக்கும் தொங்குது. ஆனா அந்தப் பங்காளிக்கும் எனக்கும் வரப்புத் தகராறு, பதினோரு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லை. என்ற கல்யாணப் படத்தை நான் பாக்கோணும்னா, அவிய வூட்ல யாருக்காச்சும் ஒடம்புக்குச் சேரலைன்னு தகவல் வரோணும். போயி, “ஏனுங் அக்கா, இப்பப் பரவால்லீங்களா?”ன்னு அவிய வூட்டுக்காரிகிட்ட விசாரிக்கற சாக்குல, தலையை மேல தூக்கி என்ற மொகரையைப் பாத்துக்குவேன். படம் நல்லா இருக்குதுங்க. பகையாளி வூட்ல பொருள் பத்திரமா இருக்கும்.

விதைச் சோளத்தை நாங்க என்ன பண்ணுவோம்? ஒரு பங்கு சாம்பல் கலந்து மொடாவுல போட்டு வாயை மொழுகி வெப்போம். ஒரு பங்கு கதிராவே அடுப்புக்கு மேல அட்டாலில கட்டித் தொங்க விடுவோம், பொகை பட்டுக்கிட்டே இருக்கும், புழு வெக்காது. இன்னொரு பங்கு உறம்பரை வூட்டுக்குப் போயிரும். மொடாவுல வண்டு வெச்சா அட்டாலி இருக்குது, வூடே தீஞ்சு போனா உறம்பரை வூடு இருக்குது. கம்ப்யூட்டர்ல இதைத்தான் மூணு-ரெண்டு-ஒண்ணுன்னு சொல்றாங்களாமா. மூணு பிரதி, ரெண்டு விதமான சாமான்ல, ஒண்ணு வேற ஊர்ல. இந்தக் கணக்கு கடைக்காரப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியுமுங்க, நீங்க இதுக்குத்தான் சம்பளம் வாங்கறீங்க. இதுக்குச் சம்பளம் உண்டுன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க.

கடைக்காரப் பையன்னதும், கார்டுல போன படத்தை மீட்டெடுக்கக் குடுத்த அந்தக் கடைக்கு வர்றேன். புதவார் பேட்டைல. அந்த ஊர்ல கிழமைக்கு ஒரு பேட்டை வெச்சிருக்கறது எனக்கு ரொம்பப் புடிச்சுதுங்க, இன்னிக்கு என்ன கிழமைன்னு மறந்தவன் போக முடியாது. கடை வாசல்ல மராத்தில பலகை தொங்குச்சு. நீங்க படிச்சும் படிக்காதவராட்டம் நின்னீங்க, அம்மிணிதான் எனக்குச் சொல்லுச்சு. ‘படம் முக்கியம்னா நகல் எடுத்திருப்பீர்கள். ஆகவே உள்ளே வந்து அழவேண்டாம்.’ கீழ இன்னொண்ணு. ‘1 மணி முதல் 4 மணி வரை மூடியிருக்கும். தட்டினாலும் மூடியிருக்கும்.’ புனேக்காரங்களோட பலகை ஊர் ஊரா பேர் வாங்குனதாமா. எனக்கு அந்த ஊரே சொந்த ஊராட்டப் பட்டுது. ஒரே வரில மனுசனை உரிச்சு உப்பு வெக்கறது நம்ம வேலையாச்சே!

பையன் மூணு நாள் கழிச்சு வரச் சொன்னாப்ல. அந்த மூணு நாளும் நீங்க சாப்புடலை. நான் சாப்புட்டுட்டுக் காலைல லா காலேஜ் ரோட்டுல நடக்கப் போனேன். அங்க ஒரு மராட்டிப் பெரியவரு பழக்கமானாரு. அந்தக் காலத்துல சினிமாக் கொட்டாய்ல ரீல் ஓட்டுனவரு. எனக்கு லாரி ஓட்டுன காலத்து இந்தி இருக்குது, டீசலு, டயரு, டீ, போலீசு. அதை வெச்சுக்கிட்டு உங்க கதையைச் சொன்னேன். மனுசன் சிரிக்கறாரு. கைத்தடியை நீட்டி எதிர்ல இருக்கற கட்டடத்தைக் காட்டுனாரு. “உங்க மாப்ளை தெனம் இந்த வழியாத்தானே போறாரு?”ன்னாரு. ஆமாங்க, போறப்ப எல்லாம் சிக்னலைத் திட்டுவாருன்னேன்.

அது தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமுங்க. 1964ல ஆரம்பிச்சது. 1965ல பி.கே. நாயர்னு திருவனந்தபுரத்துக்காரரு ஒருத்தரு அங்க வந்து சேந்திருக்காரு. 1991 வரைக்கும் அங்கயே கெடந்து, ஊர் ஊராப் போயி, வூடு வூடா ஏறி எறங்கி, பழைய சினிமாப் பெட்டிகளைத் தேடிச் சேத்திருக்காரு. பன்னண்டாயிரம் படமாமா. அவரு தேடிக் கெடைச்சதைவிடக் கெடைக்காததுதான் பெரிய கதைன்னு பெரியவரு சொன்னாரு. தாதாசாகேப் பால்கே 1913ல எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’, அதுல பாதிக்கும் கொறைச்சல்தான் மிச்சம். அரிச்சந்திரனுக்கு நாடு போச்சு, பொண்டாட்டி புள்ளை போச்சு, கடைசில ரீலும் போச்சு. இந்தியால மொத பேசும் படம் ‘ஆலம் ஆரா’, 1931. அதைத் தேடி நாயரு தயாரிச்சவரு வூட்டுக்கே போயிருக்காரு. பழைய ஃபிலிம்ல வெள்ளி இருக்குமுங்களே, அதைப் பிரிச்செடுத்துட்டு ரீலை வித்துப்போட்டோம்னு அந்த வூட்டுப் புள்ளையே சொல்லியிருக்காரு. நாடே வாய் தொறந்து பேசுன மொதப் பேச்சு, சேட்டுக் கடைத் தராசுல முடிஞ்சுது.

நம்மளுது மட்டும் என்னவாம்? தமிழ்ல மொத பேசும் படம் ‘காளிதாஸ்’, அதே 1931, டி.பி. ராஜலட்சுமி நடிச்சது. பிரதி ஒண்ணுகூட மிஞ்சலை. அதுக்கும் முன்னால சென்னைல நடராஜ முதலியார்னு மோட்டார் சாமான் யாவாரி ஒருத்தரு ‘கீசக வதம்’னு ஊமைப்படம் எடுத்தாரு. தென்னாட்டுல மொதப் படம் அதுதான். அவரு கேமரா வேலையை எங்க கத்துக்கிட்டாருன்னு நெனைக்கறீங்க? இதே புனேல, ஸ்டூவர்ட் ஸ்மித்துங்கற வெள்ளைக்காரருகிட்ட! அந்தப் படமும் இன்னிக்கு இல்லை. ஆக, புனேல கேமரா புடிச்சுட்டுப் படத்தைத் தொலைக்கறதுல நீங்க மொத ஆளு இல்லீங்க, நூறு வருசப் பரம்பரை. தைரியமா இருங்க.

இன்னொண்ணும் சொன்னாரு, அதுக்கு நான் சிரிக்கலை. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டுன்னு ஒரு சரக்காமா. ஒருக்காப் புடிச்சுதுன்னாத் தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும். பக்கத்துலயே திரைப்படக் கல்லூரி இருக்குதுங்களே, பழைய பிரபாத் ஸ்டுடியோ, அங்க அந்த மாதிரி ரீலெல்லாம் வெச்சிருந்த அறை 2003 ஜனவரில தீப்புடிச்சுப் போச்சு. தேடித் தேடிச் சேத்து வெச்சதே எரிஞ்சு போச்சு. நாயரு ஓய்வு வாங்கியும் புனேலயேதான் இருந்தாரு, 2016ல அங்கயே காலமானாரு. பெரியவரு இதைச் சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் கைத்தடியால தரையக் கீறிட்டு இருந்தாரு. அப்புறம் டீ வாங்கிக் குடுத்தாரு.

மூணாம் நாள் கடைக்குப் போனோம். உள்ளாற போனதும் உங்களுக்கு அமெரிக்காவுல இருந்து போன். நீங்க வெளில நின்னு, பேக்கப் ஏன் ஓடலைன்னு யாரையோ கோவிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் உள்ளாற உக்காந்தேன். பையன் கட்கில பொறந்து வளந்தவன், தாத்தன் காலத்துல வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம், தமிழ் நல்லாப் பேசறான், நடு நடுவுல மராத்தி தாளிக்குது. என்ன பண்ணுனேன்னு வெளக்கமாச் சொன்னான். நீங்க கேக்காததால நான் கேட்டு வெச்சதை எழுதறேன்.

கார்டுங்கறது நெலமாட்டமாமா. படமெல்லாம் அதுல வெள்ளாமை. எந்தப் படம் எந்த வயல்ல இருக்குதுன்னு ஒரு சிட்டா அடங்கல் தனியா இருக்கும். நீங்க செவப்பு விளக்கு மினுக்கறப்பப் புடுங்குனதுல அடங்கல் கிழிஞ்சு போச்சு. ஃபார்மேட் பண்ணுனதுல புது அடங்கல், வெறும் தாளு. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல புஸ்தகம் தீஞ்சு போனா காட்டுல நிக்கற சோளம் எங்க போகும்? அங்கயேதான் நிக்கும். ஆனா புஸ்தகத்துல காலின்னு இருக்கறதால, அடுத்து வர்ற படம் அந்தச் சோளத்து மேலயே ஏர் ஓட்டும். அதுதான் உங்க செவுரு. படம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிசமே கார்டை வெளில எடுத்துப் போடோணும், அதுல ஒரு எழுத்து எழுதப்படாது. இவன் என்ன பண்ணுனான்னா, மொதல்ல கார்டு பூராத்தையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கிட்டு அசலை ஓரமா வெச்சுப்போட்டான். அப்புறம் நகல்ல, அடங்கலையே பாக்காம, வரப்பு வரப்பா நடந்து போறான். எந்தப் படமா இருந்தாலும் தொடங்கற எடத்துல ஒரே மாதிரி எல்லைக்கல்லு இருக்குமாமா. அந்தக் கல்லு தட்டுப்பட்டா அங்கிருந்து அள்ளறது. ‘ஃபோட்டோரெக்’னு ஒரு சாப்ட்வேர், காசே இல்லை, கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே நடந்து போயி அள்ளுமாமா. டிசாஸ்டர் ரெக்கவரி லீடுக்குத் தெரியாதுங்களா காகான்னு கேட்டான். அவரு பேங்குக்கு மட்டுந்தான் தம்பின்னேன்.

கார்டுக்குள்ள கோடிக்கணக்குல சின்னச் சின்னக் குழி, ஒவ்வொண்ணுலயும் துளி மின்சாரத்தை அடைச்சு வெக்கறதுதான் சூட்சுமம். தோஷிபாவுல இருந்த ஃபுஜியோ மசுவோக்காங்கற ஜப்பான்காரரு 1980கள்ல கண்டுபுடிச்சது. அழிச்சு அழிச்சு எழுத எழுதக் குழியோட கரை தேயும், ஒழுக ஆரம்பிக்கும். வெல கொறைக்கறதுக்காக ஒரே குழில மூணு படி நாலு படி அடைக்கறாங்களாமா, அது இன்னும் சீக்கிரம் நைஞ்சு போகும். மேசை டிராயரைத் தொறந்து ஒரு கை கார்டு அள்ளிக் காட்டுனான், எல்லாம் போலி. மேல 512ன்னு போட்டிருக்கும், உள்ளாற பதினாறுதான். கேமரா கேட்டா எடமிருக்குது எடமிருக்குதுன்னு பொய் சொல்லும், பதினாறு தாண்டுனதெல்லாம் காத்துல போகும். வள்ளத்துக்கு அடியைத் தூக்கி வெச்சு அளக்கற யாவாரி நம்ம சந்தைலயும் இருந்தான், அவனைக் கட்டி வெச்சு ஒதைச்சோம். உங்களுது போலி இல்லைன்னு சொன்னான். வெறும் ஊமைக் காயம், நைஞ்ச கார்டு, அவசரக் கை.

அப்புறம் திரைல படம் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது. மாட்டுச் சந்தைல மாடு எறங்கறாப்ல. பாதிப் படம் மேல பூவு, கீழ சாம்பல் கலரு. வாய் ஊர்ப் புள்ளையாருக்குத் தலை மட்டும் வந்துச்சு, அது ஏற்கெனவே ஒருக்காப் போன தலைதானேன்னு வுட்டுட்டேன். பாப்பா குதிரைல ஏறுனது முழுசா வந்துச்சு, சந்தோசம். சீதையோட கண்ணீரு வரவே இல்லை. ஆனா நீங்க வேண்டாம்னு அழிச்சதெல்லாம் வந்துச்சுங்க. கார்ல உங்க அத்தை வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கறது, நான் எளனிக்குப் பேரம் பேசறது, எல்லாம் துல்லியமா, மயிர் மயிரா. அழிக்கறதுங்கறது அடங்கல்ல பேரை அடிக்கறது மட்டுந்தானாமா.

நீங்க வெளில இன்னும் பேங்கைக் காப்பாத்திட்டு இருந்தீங்க. காஸ் தீந்து, கோட்டை தீந்து, கடைசில இன்னும் கொஞ்சம் வந்துச்சு. எனக்கு மொதல்ல வெளங்கலை. கடலு. தண்ணிக்குள்ள கோட்டை. ஈர மணல்ல ஒரு குதிரை வண்டி. வண்டில நாலு பேரு, நடுவுல கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு ஒருத்தரு கையைத் தூக்கி நிக்கறாரு. மாம்பழக் கலரு சட்டை. அந்தச் சட்டையை எங்கயோ பாத்தாப்ல இருக்குதேன்னு ரோசிச்சேன். நோம்பிக்குப் போட்டுக்கட்டும்னு திருப்பூர்ல உங்க அத்தை எடுத்து, கூரியர்ல அனுப்புன சட்டை.

“இது முந்தி எடுத்ததுங்க காகா, ஃபார்மேட் பண்ணியிருக்காங்க, ஆனா புதுப் படம் இது வரைக்கும் வந்து மேல விழுகலை, அதனால தப்பிச்சிருக்குது”ன்னான் பையன். எப்ப எடுத்தது தம்பின்னு கேட்டேன். ஒவ்வொரு படத்துக்குள்ளயும் நாளு, மணி, நிமிசம், எந்தக் கேமரா, எல்லாம் தானா எழுதியிருக்குமாமா. அந்தக் கோட்டையை வெச்சு எடத்தையும், தட்டிப் பாத்து நேரத்தையும் சொன்னான். அலிபாக். எல்லாம் பங்குனி நோம்பி அன்னிக்கு எடுத்தது, கடைசிப் படம் ராத்திரி 8 மணி 12 நிமிசம். இங்க உங்க அத்தை அம்மனுக்குப் பூவோடு தூக்கிட்டு நிக்கறா, அங்க உங்க முன்னால வாழையெலைல மீனு பொகைஞ்சிட்டு இருக்குது. சர்வரு பாவம், எங்க விழுந்து கெடந்துச்சோ.

மொத்தம் பதினாலு படமுங்க. “தம்பி, இதைக் கொத்தோட தனியா ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு, அந்தப் பெரிய கட்டுல சேக்க வேண்டாம், வூட்டு வெவகாரம்”னேன். பையன் வெவரமானவன், ஒண்ணும் கேக்கலை. அதனாலதான் அம்மிணிகிட்டப் போன கட்டுல அது இல்லீங்க. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.

நான் யாருகிட்டயும் மூச்சு வுடலை. ஆனா பெரிய மனுசங்ககிட்டக் கத்துக்கிட்டதைக் கடைப்புடிக்கோணும் பாருங்க. பென் டிரைவு விதைச் சோளத்து மொடாவுல சாம்பலுக்குள்ள இருக்குது. காயிதத்துல பெரிசா ஒரு பிரதி போட்டு, ஆசாரத்துல முருகர் படத்துக்குப் பின்னால வெச்சிருக்கறேன். மூணாவது சின்னப் பங்காளி வூட்ல ஒரு தகரப் பெட்டில. அவனுக்கும் எனக்கும் பேச்சில்லாததால, உள்ளாற என்னன்னு கேக்கவும் மாட்டான்.

எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. உங்க அத்தை வாயப் பொளந்த படத்தை மட்டும் சட்டம் போட்டு அனுப்பி வெய்யுங்க, அவளுக்கு அது புடிச்சுப் போச்சு. வர்ற பங்குனில கம்பம் நடறன்னிக்கே நீங்க, அம்மிணி, பாப்பா மூணு பேரும் வந்துருங்க. சர்வரை அந்த ஒரு வாரம் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லி யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
மாமன்